ஓரத்தில் அல்ல, உரிய இடத்தில்!

"எட்டு வருதா?"

நாஞ்சில் நாட்டில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கப் புறப்படுகிற இளைஞனைப் பார்த்து ஊரே கேட்கிற கேள்வி இது ஒன்றுதான். தேநீர்க் கடைக்காரர் கேட்கிறார். பக்கத்து வீட்டு அண்ணாச்சி கேட்கிறார். சென்ற மாதம் லைசென்ஸ் வாங்கிய நண்பன், பட்டம் பெற்ற புலவனைப்போல் நிமிர்ந்து நின்று கேட்கிறான். எல்.எல்.ஆர். கைக்கு வந்த நாள் முதலாய் அந்த இளைஞனுக்கு ஊணும் எட்டு, உறக்கமும் எட்டு! பள்ளிக்கூட மைதானத்திலே எட்டு, தென்னந்தோப்பிலே எட்டு, அறுப்பு முடிந்த களத்திலே எட்டு. கால் தரையில் படாமல் முடித்துவிட்டால் கை தட்டுகிறார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் தலையசைத்துவிட்டால் மிட்டாய் வழங்குகிறார்கள்.

மகிழ்ச்சிதான். எட்டு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வண்டியை அடக்கத் தெரிந்தவன் என்பதற்கு அது சான்று. விரைவாக ஓட்டுவதைவிட மெதுவாக ஓட்டுவது கடினம் என்பதை ஓட்டிப் பார்த்தவர் அறிவர். ஆனால் தோழர்களே, களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை தேடிப் பாருங்கள். எந்தச் சாலையாவது எட்டு வடிவத்தில் கிடக்கிறதா? மைதானத்தில் எதிரே கல் ஏற்றிய லாரி வருவதில்லை. பின்னாலிருந்து பஸ் ஹாரன் அடிப்பதில்லை. திறந்த கார்க் கதவு குறுக்கே நீள்வதில்லை. மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் அவன் முன்னே நிற்கிற முதற் கேள்வி, "வண்டியை எப்படித் திருப்புவது?" என்பதல்ல. "இந்தச் சாலையின் அகலத்தில் நான் எந்த இடத்தில் இருக்க வேண்டும்?" என்பதே. அந்தக் கேள்வியை அவனிடம் எவரும் கேட்பதில்லை. அவனும் எவரிடமும் கேட்பதில்லை.

கேட்டால் கிடைக்கிற விடை என்ன? வாசலில் நின்று வழியனுப்புகிற தாய் சொல்வாள்: "பைய போ மக்களே, ஓரமாப் போ!" தாயின் வாய்மொழியில் அன்பு இருக்கிறது, அச்சம் இருக்கிறது. "பைய போ" என்பதை நாமும் இருகரம் கூப்பி ஏற்கிறோம். ஆனால் "ஓரமாப் போ" என்பதை அப்படியே ஏற்க முடியுமா? ஓரம் என்றால் எது ஓரம்? எவ்வளவு ஓரம்? தார் முடிந்து மண் தொடங்குகிற விளிம்பா? சாக்கடை மூடிமேலா? இதைத்தான் இன்று நாம் பேச விரும்புகிறோம். உயிர் போகிற செய்தி இது.

முதலில் ஒரு பழங்கதை, கதையன்று, வரலாறு. "ஒதுங்கு" என்ற சொல்லுக்கு இந்த மண்ணிலே ஒரு நாற்றம் உண்டு. திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் நாஞ்சில் நாடு இருந்த காலம் அது. பொதுப் பணத்தில் போட்ட பொதுச் சாலையில் எல்லோரும் நடக்க முடியாது. உயர்ந்தவர் எனப்பட்டோர் வரும்போது, தாழ்ந்தவர் எனப்பட்டோர் சாலையை விட்டு இறங்கி, வயலிலோ முட்புதரிலோ நிற்க வேண்டும். 1893-ஆம் ஆண்டு வெங்ஙானூர் அய்யன்காளி என்ன செய்தார்? வில்லுவண்டி ஒன்றை வாங்கினார்; காளையைப் பூட்டினார்; தமக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையிலே ஓட்டிச் சென்றார். அடிதடி நடந்தது. அவர் வண்டியை ஓரங்கட்டவில்லை. 1924-இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போர் மூண்டது. பெரியார் சிறை புகுந்தார். 1926-இல் அதே உரிமையைக் கேட்டு நம் சுசீந்திரத்தில் அறப்போர் எழுந்தது. சாலையில் கால் வைப்பதற்கே இத்தனை போராட்டம்! நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு வண்டி முறுக்குகிற இளைஞன், சுசீந்திரத்தைக் கடக்கும்போது இதை ஒரு நொடி நினைத்துக்கொள்ளட்டும்.

அப்படிப் பெற்ற சாலையில், இன்று பாட்டாளித் தோழன் எங்கே வண்டி ஓட்டுகிறான்? மண்ணும் சரளையும் சேர்ந்து கிடக்கிற விளிம்பிலே. யார் அவனை அங்கே தள்ளினார்கள்? பஸ்ஸின் ஹாரன் தள்ளியது. காரின் விளக்கு தள்ளியது. "பெரிய வண்டிக்குத்தான் சாலை, நமக்கு ஓரம்" என்ற நினைப்பு தள்ளியது. சாதியின் பெயரால் ஒதுங்கச் சொன்ன காலம் போய், சக்கரத்தின் எண்ணிக்கையைப் பார்த்து ஒதுங்கச் சொல்லும் காலம் வந்திருக்கிறதோ என்று நாம் ஐயுறுகிறோம்.

சட்டம் அப்படிச் சொல்கிறதா என்று பார்ப்போம். இடப்பக்கம் செல் என்கிறது சட்டம், ஐயமில்லை. வெள்ளையன் விட்டுச் சென்ற வழக்கம் அது; இன்றும் இந்நாட்டின் அடிப்படை விதி அதுவே. ஆனால் 1989-ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்குமுறைகள் அதை எந்தச் சொற்களில் சொல்லின தெரியுமா? சாலையின் இடப்பக்கத்தை "உகந்த அளவுக்கு" ஒட்டி ஓட்டுக என்ற பொருளில் சொல்லின. அந்த "உகந்த அளவுக்கு" என்பதைக் கவனியுங்கள். விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஓட்டு என்று சொல்லவில்லை. சாக்கடையில் இறங்கு என்று சொல்லவில்லை. இடத்தையும் நிலைமையையும் பார்த்து அளவை முடிவு செய்கிற பொறுப்பை ஓட்டுகிறவன் கையிலே கொடுத்தது சட்டம். 2017-இல் அந்த ஒழுங்குமுறைகளுக்குப் பதிலாகப் புதியவை வந்தன. இடப்பக்கம் இருப்பது மாறவில்லை. எவ்வளவு இடப்பக்கம் என்று எண்ணிப் பார்க்க வேண்டிய கடமையும் மாறவில்லை.

எண்ணிப் பார்ப்போமா? இருவழிச் சாலை ஒன்றை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். நடுவிலே வெள்ளைக் கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் நமக்கு. வலப்பக்கம் எதிரே வருகிறவருக்கு. நம் பக்கத்தின் அகலம், முறைப்படி போட்ட சாலையானால், மூன்றரை மீட்டர். அதை வேட்டிக்கு மடிப்பு வைப்பதுபோல் மூன்றாக மடியுங்கள். விளிம்பை ஒட்டி ஒரு பட்டை. நடுவே ஒன்று. கோட்டை ஒட்டி ஒன்று.

விளிம்புப் பட்டையில் என்ன இருக்கிறது? மழை அடித்துக்கொண்டு வந்த மணல் இருக்கிறது. உடைந்த தார் இருக்கிறது. நின்றிருக்கிற காரின் கதவு எந்த நொடியும் திறக்கும். சந்திலிருந்து சைக்கிள் மூக்கை நீட்டும். நடைபாதை இல்லாத ஊர்களிலே மனிதர் நடப்பதும் அங்கேதான். இவற்றையெல்லாம்விடக் கொடியது ஒன்று உண்டு: தாருக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள மட்ட வேறுபாடு. நான்கு விரல் உயரம் போதும். பஸ் உரசிக்கொண்டு வருகிறது. தோழன் அஞ்சி இன்னும் இடப்பக்கம் நகர்கிறான். முன் சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்குகிறது. உடனே மேலே ஏற்றப் பார்க்கிறான். சக்கரம் தார் விளிம்பைச் சாய்வாக உரசுமே ஒழிய ஏறாது, வண்டி சாயும். எந்தப் பக்கம் சாயும்? வலப்பக்கம்! பஸ்ஸின் பின்சக்கரம் இருக்கிற பக்கம்! ஓரமாகப் போனவன் ஓரத்தில் விழவில்லை என்பதைக் கருதுங்கள். அப்படி இறங்கிவிட்டால் செய்ய வேண்டியது என்ன? பதறாமல், முறுக்கியதைத் தளர்த்தி, மண்ணிலேயே நேராக ஓட்டி, வேகம் அடங்கிய பின் மட்டமான இடம் பார்த்து ஏறுவது. மைதானத்து எட்டு இதைச் சொல்லித் தராது.

கோட்டை ஒட்டிய பட்டையோ எதிரி வாயிலில் நிற்பதற்கு ஒப்பு. எதிரே ஒரு கார் பஸ்ஸை முந்துகிறது என்றால், அந்தக் காருக்கு இடம் எங்கிருந்து வரும்? நம் பக்கத்திலிருந்துதான். அங்கே நாம் இருக்கலாகாது.

மிச்சம் இருப்பது நடுப் பட்டை. அதிலும் சற்றே இடம் சார்ந்த பகுதி. விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி. இடக் கையை முழுதும் நீட்டினாலும் விளிம்புக்குமேல் போகாத தூரம். கார்களின் இடச் சக்கரங்கள் ஓடி ஓடித் துடைத்து வைத்திருக்கிற தடம் பெரும்பாலும் அதன் அருகேதான் இருக்கும். அங்கே மணல் குறைவு. இடப்பக்கம் ஒரு நாய் குறுக்கிட்டாலும் திரும்ப இடமுண்டு. வலப்பக்கம் ஒரு லாரி நெருங்கினாலும் நகர இடமுண்டு. இரு பக்கமும் இடம் வைத்திருப்பவன்தான் இக்கட்டில் பிழைக்கிறான்.

"அப்படி ஓட்டினால் பின்னால் வருகிற பஸ்காரன் ஏசுவானே?" என்பீர்கள். ஏசட்டும்! விளிம்பிலே ஒட்டிக்கொண்டு போகிறவனைப் பார்க்கிற பஸ் ஓட்டுநர் என்ன நினைக்கிறார்? "இடம் இருக்கிறது, நுழைந்துவிடலாம்" என்று நினைக்கிறார். எதிரே வண்டி வந்தாலும், கோட்டுக்கும் அவனுக்கும் இடையே உள்ள சந்தில் பஸ்ஸைச் செருகுகிறார். உரிய இடத்தில் போகிறவனைப் பார்த்தால், "எதிரே காலியானதும் முந்துவோம்" என்று காத்திருக்கிறார். பஸ் ஓட்டுநரும் நம் தோழர்தான், உழைப்பாளிதான், நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய நெருக்கடி அவர் கழுத்தில் கத்தியாகத் தொங்குகிறது. அவர் தவறு செய்ய இடம் கொடாதிருப்பது நம் கையில் இருக்கிறது. வழி தெளிந்ததும், சற்று வேகம் குறைத்து, இடப்பக்கம் மெல்ல நகர்ந்து அவரை விடுங்கள். அவர் முந்தும்போது நாமும் முறுக்கிப் போட்டியிடுவது மடமை. இடம் பிடிப்பது வேறு. வழி மறிப்பது வேறு.

இனி நம் ஊர்ச் சாலைக்கு வருவோம். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு 1938-இல் அரசு பஸ் ஓடத் தொடங்கிய அதே தடம்தான் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வழியே இன்றும் ஊருக்குள் வளைந்து வளைந்து செல்கிறது. பெயர் மட்டும் பெரிதாகிவிட்டது: பன்வேல் – கன்னியாகுமரி தேசிய நெடுஞ்சாலை 66! கேரளத்துக்குக் கல் ஏற்றிப் போகிற லாரி அதில் போகிறது. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் அதில் போகிறார். குளச்சல் மீனைப் பெட்டியில் வைத்துக் கட்டியவர் போகிறார். ஏத்தன் குலையைப் பின்னால் குறுக்கே கட்டியவரும் போகிறார். குலை கட்டியவருக்கு ஒரு சொல்: உம் வண்டியின் அகலம் இப்போது கைப்பிடியின் அகலமன்று, குலையின் அகலம். நீர் தப்பினாலும் குலை மாட்டும்.

அந்தச் சாலையின் வளைவுகளைப் பாருங்கள். வலப்பக்க வளைவில் வண்டியை வலப்பக்கம் சாய்க்கிறோம். சக்கரம் கோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது. ஆனால் தலை எங்கே இருக்கிறது? கோட்டைத் தாண்டி, எதிரே வருகிறவன் பாதையில் தொங்குகிறது! "நான் என் பக்கத்தில்தானே போனேன்" என்று சொல்ல ஆள் இருக்க மாட்டான். ஆகவே வலப்பக்க வளைவுக்கு முன்பே இடப்பக்கம் சற்றுக் கூடுதலாக நகர வேண்டும். இடப்பக்க வளைவில் வேறு வகை ஆபத்து. வேகம் மிகுந்தால் வண்டி தானாகவே வெளியே, கோட்டை நோக்கி இழுக்கும். உள்விளிம்பைப் பிடித்துக்கொண்டால் சரளை சறுக்கும், மதிலும் ரப்பர் மரங்களும் எதிர்ப்பக்கத்தை மறைக்கும். வளைவுக்குமுன் வேகம் குறைப்பது, நடுப் பட்டையை விடாதிருப்பது, இவ்விரண்டும் தவிர வேறு மருந்தில்லை. வளைவுக்குள் போன பின் பிரேக் பிடிப்பவன் காலந்தாழ்ந்து கண் விழிப்பவன்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவக்காற்றும் மழை கொடுக்கிற மாவட்டம் நம்முடையது. முதல் மழைத்துளி விழுந்ததும் சாலையில் படிந்த எண்ணெய் மிதக்கிறது. பஸ் நிற்கும் இடங்களிலும் சிக்னல் அருகிலும் பட்டையின் நடுவில்தான் டீசலும் எண்ணெயும் சொட்டிக் கிடக்கும். ஆகையால் அங்கே மட்டும் நடுவை விட்டுச் சக்கரத்தடத்துக்கு நகர்வது அறிவுடைமை. வெள்ளைக் கோடும் நனைந்தால் வழுக்கும். மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்களில் குறுக்கே ஓடுகிற இணைப்பு இரும்பும் வழுக்கும். அதைச் சாய்ந்து கடக்காதீர்கள். பிரேக் பிடித்துக்கொண்டும் கடக்காதீர்கள். நேராக, அமைதியாகக் கடந்து செல்லுங்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் போவோம். காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் நிற்கிற முப்பந்தல் பக்கம் அது. காற்று அங்கே விளையாட்டுக்கு வீசுவதில்லை; ஆலையே சுழல்கிறதென்றால் நூற்றைம்பது கிலோ வண்டி எம்மாத்திரம்? பெரிய லாரி ஒன்று நம்மை முந்துகிறது. அதன் மறைவில் காற்று ஒரு கணம் நிற்கிறது. காற்றை எதிர்த்துச் சாய்ந்திருந்த நாம் லாரியை நோக்கிச் சரிகிறோம். லாரி போனதும் காற்று மீண்டும் அறைகிறது, எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறோம். விளிம்பிலே ஒட்டிப் போனவனுக்கு அந்தத் தள்ளலைத் தாங்க இடம் ஏது? அங்கேதான் நடுவின் அருமை தெரியும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டாங்கை அணைத்து, வேகத்தைக் குறைத்துப் போக வேண்டும். அந்தப் பக்கம் வருகிற லாரிகளில் சில ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் பல நாள் ஓடி வந்தவை. நம்மைக் காணும்போது அந்த ஓட்டுநரின் கண் எந்நிலையில் இருக்குமோ, யார் கண்டது?

கண் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளர், லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் நடந்த ஏறத்தாழ தொள்ளாயிரம் மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் சென்று ஆராய்ந்து, 1981-இல் அறிக்கை தந்தார். வேறொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரு பங்கில், மோட்டார் சைக்கிள்காரனின் வழியுரிமையை மீறியவர் மற்ற வண்டிக்காரர்தான் என்று கண்டார். பெரும்பாலும் காரணம் என்ன? "நான் அவனைப் பார்க்கவேயில்லை!" ஆம், சிறியவனைப் பெரியவன் பார்ப்பதில்லை. இது அரசியல் மேடையில் மட்டும் பொருந்துகிற வசனமன்று. ஆகவே நாம் நிற்கிற இடம், நம்மைப் பிறர் காண்கிற இடமாக இருக்க வேண்டும். விளிம்பில் ஒட்டியவன் நிறுத்திய கார்களின் மறைவிலும், மரநிழலிலும் கரைந்து போகிறான். பஸ்ஸின் பின்னால் ஒட்டிப் போகிறவனை எதிரே வருகிறவர் காண்பதில்லை. பஸ் ஓட்டுநரும் காண்பதில்லை. பஸ் ஓட்டுநரின் கண்ணாடி நமக்குத் தெரியவில்லையென்றால், அவருக்கு நாம் இல்லை! சற்றுப் பின்வாங்கி, அந்தக் கண்ணாடியில் அவர் முகம் தெரிகிற இடத்தில் வாருங்கள்.

பஸ்ஸின் இடப்பக்கத்தில் நுழைகிற வழக்கம் இருக்கிறதே, அதை என்னென்பது? வடசேரியில் இருந்து புறப்படுகிற பஸ், நிறுத்தத்துக்காக ஒதுங்குகிறது. படியில் கால் வைத்து இறங்கக் காத்திருக்கிறாள் ஒரு மூதாட்டி. நம் வீரர் இடச் சந்தில் பாய்கிறார்! இடப்பக்கம் திரும்புகிற நீண்ட லாரியின் இடப்பக்கத்தில் நிற்பதும் அப்படியே. லாரியின் முன்சக்கரம் அகலமாகத் திரும்பும்; பின்சக்கரமோ உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளி பார்ப்பதற்கு வழிபோல் தோன்றும். அது வழியன்று, குழி.

தேர்விலும் வாழ்விலும் பலர் தவறுகிற இடம் வலப்பக்கத் திருப்பம். இடவிளிம்பில் போய்க்கொண்டிருந்தவன், திருப்பம் வந்ததும் கையைக் காட்டிவிட்டுச் சாலையின் குறுக்கே வெட்டுகிறான். கை காட்டிவிட்டால் உலகமே நின்றுவிடும் என்று நினைப்பு! முறை அதுவன்று. திருப்பத்துக்கு நெடுந்தொலைவு முன்பே கண்ணாடியைப் பார்; தோளுக்குமேல் ஒரு பார்வை திரும்பிப் பார்; கண்ணாடி காட்டாததைத் தோள் காட்டும். பின்பு சைகை. அதன் பின்பு, பின்னால் இடமிருந்தால் மட்டும், படிப்படியாக நகர்ந்து நடுக்கோட்டின் இடப்பக்கத்தை அடை. எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட்டு, மூலையை வெட்டாமல் திரும்பி, புதுச் சாலையின் இடப்பக்கத்தில் சேர். பின்னால் இடம் கிடைக்கவில்லையா? இடப்பக்கமே நின்று, சாலை காலியான பின் கட. இரண்டு நிமிடம் போகும். கோட்டாறு சந்தையில் மிளகாய் விலை பேசுகிற நேரம்கூட ஆகாது.

நாற்கரச் சாலையிலே இன்னொரு கொடுமை. அரைக் கிலோமீட்டர் சுற்ற வேண்டுமே என்று, எதிர்த்திசையில் ஓரமாக ஓட்டி வருகிறார்கள். "ஓரமாத்தானே வாறேன்" என்று வாதம் வேறு! ஓரம் என்ற சொல் அங்கே எந்தத் தவறுக்கும் போர்வையாகிவிட்டது.

உரிய இடம் என்று நாம் சொல்வதைக் கேட்டு, "அப்படியானால் நடுச்சாலை நமதே" என்று மார்தட்டப் புறப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் தோழர்களைத்தான் சொல்கிறோம். மாநாடு என்றால் வண்டி. ஊர்வலம் என்றால் வண்டி. ஒரு வண்டியில் மூவர். நடுவில் இருப்பவர் கையில் கொடி. தலையில் கவசத்துக்குப் பதில் துண்டு. நான்கு வண்டி அணிவகுத்துச் சாலை முழுதும் அடைத்துப் போவது எழுச்சி என்று எண்ணுகிறார்கள். எதிரே வருகிற ஆம்புலன்ஸ் வண்டிக்கு அந்த எழுச்சி என்ன செய்யும்? பின்னிருக்கையில் ஒருவருக்குமேல் ஏற்றக்கூடாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. கொள்கைக்கு உயிர் கொடுப்பேன் என்று மேடையில் முழங்கிய தோழன், கொடிக்கம்பம் காற்றில் இழுத்துத் தடுமாறி உயிர் கொடுத்தால் கொள்கைக்கு என்ன ஆதாயம்?

கணக்கையும் பார்த்துவிடுவோம். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்குமேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள். எத்தனையோ துறைகளில் முதலிடத்தைக் கொண்டாடுகிறோம். இந்த முதலிடத்தை என்ன செய்வது? கார் வைத்திருப்பவனுக்கு அடிபட்டால் தகடு நசுங்கும். கொத்தனார் வண்டியில் விழுந்தால் கால் முறியும். கால் முறிந்தால் சாரத்தில் ஏற முடியாது. சாரத்தில் ஏறாவிட்டால் சனிக்கிழமை கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் பிள்ளையின் படிப்பு நிற்கும். சாலையில் ஒரு மீட்டர் இடம் என்பது இத்தனையையும் தாங்குகிற இடம்.

ஆகவே லைசென்ஸுக்கு ஆயத்தமாகிற தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் சொல்கிறோம். எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் ஆனபின்தான் தேர்வுக்குப் போக முடியும். அது ஆறு மாதம் செல்லும். அந்த முப்பது நாளை ஏன் வைத்தார்கள்? எட்டுப் போட ஐந்து நாள் போதுமே! மிச்ச நாளில் சாலையைக் கற்றுக்கொள்ளத்தான். சிவப்பு எழுத்தில் எல் போர்டு மாட்டிக்கொண்டு, லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கற்பிப்பவராகப் பின்னால் அமர்த்திக்கொள்ளுங்கள். அவரைத் தவிர வேறு எவரையும் ஏற்றச் சட்டம் இடம் தரவில்லை. வாகனம் குறைந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தோவாளைப் பக்கமோ பூதப்பாண்டிப் பக்கமோ வயல் நடுவே போகிற சாலையில் தொடங்குங்கள். பின்னால் இருப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே வரட்டும்: "இப்போ எந்தப் பட்டையில இருக்க? ஏன்?" நாய் ஒன்று நிற்கிறது; ஏன் வலப்பக்கம் நகர்ந்தாய்? எதிரே பஸ் வருகிறது. ஏன் இடப்பக்கம் வந்தாய்? ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் சொல்லட்டும். நகருமுன் கண்ணாடி பார்த்தானா என்று அவர் கணக்கு வைக்கட்டும். வயல் சாலையில் விடை தடையின்றி வந்த பின் செட்டிக்குளத்துக்கும் மணிமேடைக்கும் போகலாம்.

பயிற்சிப் பள்ளி நடத்துவோரையும் கேட்கிறோம். மைதானத்தில் எட்டு வரைந்து, பத்து முறை சுற்ற விட்டு, கட்டணம் வாங்கி அனுப்புவது பயிற்சியா? சாலையில் ஒரு மணி நேரம் கூட்டிப் போக மனமில்லையா? கட்டணம் கொடுப்பவன் கூலி வேலை செய்து கொடுக்கிறான். எட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

அரசினரிடமும் நமக்கு ஒரு கோரிக்கை உண்டு. பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் தேர்வை 2009-இல் இரண்டாகப் பிரித்தார்கள். முதற் பகுதி மைதானத்தில். அங்கேயும் எட்டு உண்டு! இரண்டாம் பகுதி சாலையில். தேர்வாளர் வேறொரு வண்டியில் பின்தொடர்ந்து வந்து, ரேடியோ மூலம் வழி சொல்லி, ஏறத்தாழ அரை மணி நேரம் பார்க்கிறார். கண்ணாடி பார்த்தானா, எந்த இடத்தில் ஓட்டினான், திருப்பத்துக்கு எப்படி நகர்ந்தான் என்று குறிக்கிறார். அவ்வளவு தூரம் போய்க் கற்க வேண்டியதில்லை என்பீர்கள், உண்மைதான். நம்முடைய 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆம் விதி என்ன கேட்கிறது? சைகை காட்டுமுன் பின்பார்வைக் கண்ணாடியைப் பயன்படுத்துகிறானா, வலமும் இடமும் சரியாகத் திரும்புகிறானா, முந்தும்போதும் முந்தவிடும்போதும் சாலையில் தக்க வழியில் செல்கிறானா என்று பார்க்கச் சொல்கிறது. ஏட்டிலே இருக்கிறது. அதை எட்டுக்குள் அடைத்துவிட்டோம். தேர்வு நாளில் வரிசையில் நிற்கிறவர் கூட்டம் பெரிது, ஆய்வாளர்கள் எண்ணிக்கை சிறிது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆய்வாளர்களைக் கூட்டுங்கள். எட்டு முடித்த ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் சாலையில் அனுப்பி, பின்னாலே ஒருவர் போய்ப் பாருங்கள். நாகர்கோவிலில் தொடங்குங்கள், மார்த்தாண்டத்தில் தொடங்குங்கள். புதுச் சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை, 15-ஆம் விதியே போதும்.